வெள்ளை வண்டியில் வந்த துப்பாக்கிகள்

காலை ஒன்பதரைக்கு மண்டப வாசலில் அரசு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, வகுப்பு எடுக்க வந்திருந்தவளுக்குச் சந்தோஷம்தான். ஓட்டி வந்தவன் அவள் தம்பி. பின்கதவு திறந்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஆறு துப்பாக்கிகள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நோயாளி மாதிரி சொகுசாகப் படுத்திருந்தன.

“என்னடா இது?”

“ராணுவத்து ஜீப் ரிப்பேராம்க்கா. வகுப்புல சோதனைச் சாவடி ஒத்திகைக்கு வேணுமாம். நான் மாட்டேன்னுதான் சொன்னேன். வேலை வேணுமா வேணாமான்னு கேட்டாங்க.”

போருக்கும் சட்டம் உண்டு என்று நாற்பது ராணுவ அதிகாரிகளுக்குச் சொல்லத்தான் அரசும் அவளுடைய நிவாரண அமைப்பும் சேர்ந்து அந்த வகுப்பை ஏற்பாடு செய்திருந்தன. காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டியில் ஆயுதம் ஏற்றக்கூடாது என்பதுதான் முதல் பாடம். பாடம் கேட்பதற்கே பாடத்தை மீறிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வண்டி மதியம் இரண்டு மணிக்குச் சண்டை நடக்கும் எல்லையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் அடிபட்டுக் கிடக்கும் நான்கு பேரை ஏற்றி வரவேண்டும். வண்டி எண்ணையும் நேரத்தையும் முந்தின நாளே இரண்டு தரப்புக்கும் போனில் சொன்னவள் அவள்தான். அவள் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஆஸ்பத்திரி வண்டிகளை இதுவரை யாரும் சுடவில்லை. எதிர் பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

அரசுத் தரப்பில் வகுப்பைக் கவனித்த துறைச் செயலாளர் வேகமாக வந்து கதவைச் சாத்தினார்.

“பின்வாசல் வழியா இறக்கிடலாம். பதினோரு மணிக்கு அமைச்சர் கையெழுத்துப் போடறார், எல்லா ராணுவ முகாம்லயும் உங்க வகுப்பு வந்துடும். மூணு வருஷம் நாயா அலைஞ்சீங்களே, இப்பப் போய் வாயைத் திறந்து கெடுத்துக்காதீங்க.”

“மதியம் இதே வண்டி அந்தப் பக்கம் போகணும் சார்.”

“யாரு பார்த்தா?”

“யாரும் பார்க்கலன்னு நீங்க சொல்ல முடியுமா?”

தம்பி குறுக்கே வந்தான். “நான் போயிட்டு வந்துடறேன்க்கா. நாலு பேரு சாகக் கிடக்கறாங்க.” தைரியமாகத்தான் சொன்னான், ஆனால் உதடு காய்ந்திருந்தது.

செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கத்தில் எப்போதும் பேசுகிறவர்தான் எடுத்தார். முகம் தெரியாது, குரல் மட்டும் பழக்கம்.

“நேத்து சொன்ன வண்டி வராதுங்க. காலைல அதுல துப்பாக்கி ஏத்திட்டாங்க, தப்பு இங்கதான். எங்க அமைப்போட பழைய வண்டிய அனுப்பறோம். நம்பர் சொல்லட்டுமா?”

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“படம் அப்பவே வந்துடுச்சு,” என்றது குரல். “அந்த வண்டி வந்தா அடிக்கறதுக்கு ரோட்டுல ஆள் நிறுத்தியாச்சு. நீங்க சொல்றீங்களா மறைக்கறீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தோம். நம்பரைச் சொல்லுங்க.”

அவள் பழைய வண்டியின் எண்ணை இரண்டு முறை சொன்னாள்.

செயலாளர் உள்ளே போனார். கையெழுத்து இன்று வேண்டாம் என்று அமைச்சர் வீட்டுக்குச் சொல்வது வெளியே வரை கேட்டது. மூன்று வருட அலைச்சல் ஒரே போனில் போய்விட்டது.

“ரோட்டுல நிறுத்தின ஆள எடுத்துடுவாங்களாக்கா?” என்று கேட்டான் தம்பி.

“எடுத்துடுவாங்க. நம்பித்தான் ஆகணும்.”

“பழைய வண்டிய யாரு ஓட்டறது?”

அமைப்பின் ஓட்டுநர் காய்ச்சலில் கிடந்தார். வேறு ஆள் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். கைப்பையில் துழாவிச் சாவியை எடுத்தாள். அவன் கையில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீதான்டா,” என்றாள்.