ஏன் விக்கிறீங்க?

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன் அடிவயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் எக்ஸ்ரே அக்கா. மருத்துவமனையில் டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். பதினெட்டு வருடம் ஜன்னலே இல்லாத அறையில் ஊரார் எலும்பைப் படம் பிடித்தே போய்விட்டது. நாற்பத்து மூன்று வயதில் திடீரென்று ஓர் ஆசை முளைத்தது. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்து, டயர் விரல் கனமே இருக்குமே, அந்த வேகச் சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முகத்தில் காற்று அறைய ஊருக்கு வெளியே போய்வர வேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் ஓட்டியதோடு சரி, பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

ஆசைப்படுவது சுலபம், வாங்குவதுதான் பெரும்பாடு. கடையில் புத்தம்புதிய சிவப்புச் சைக்கிள் ஒன்று பளபளவென்று நின்றது. இரண்டு வருட உத்தரவாதம், இலவச சர்வீஸ், இன்று சாயங்காலம் வரை தள்ளுபடி. தள்ளுபடி போகச் சொன்ன விலைக்கே அவளுக்குத் தலை சுற்றியது. இவ்வளவு கொட்டி வாங்கி, ஒரு மாதத்தில் முதுகு வலிக்கிறது என்று அதில் துணி காயப்போட்டால்? பழையது பாதி விலைக்குக் கிடைக்கும்தான். ஆனால் கார்பன் ஃபிரேமில் விரிசல் இருந்தால் வெளியே தெரியாதாம், ஓடுகிற ஓட்டத்தில் பட்டென்று முறியுமாம். இதைப் படித்த நாளிலிருந்து கைப்பையில் ஒரு டார்ச்சைப் போட்டுக்கொண்டாள்.

"புதுசே வாங்கிடு. அடுத்தவன் கஷ்டத்த நீ ஏன் காசு குடுத்து வாங்குற?" என்றார் கணவர். "எத்தனை விரிசல் பாத்திருக்கேன், ஒரு சைக்கிள்ல பாக்க மாட்டேனா?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? மனுஷர் விடவில்லை. விற்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கையில் திணித்தார். "ஏன் விக்கிறீங்கன்னு மொதல்ல கேளு. கேக்கும்போது ஆள் மூஞ்சி மாறுதான்னு பாரு."

அப்படித்தான் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். விற்கிறவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டிய ஆள், அரைக்கால் சட்டை, வாய் மூடாத பேச்சு. சைக்கிளைப் பற்றிப் பேசும்போது பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல ஒரு குழைவு. ஃபிரேமில் விரிசல் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

"ஏன் சார் விக்கிறீங்க?"

முகம் மாறவே இல்லை. அவர் தன் இடது காலைச் செல்லமாக ஓர் அடி அடித்தார்.

"எல்லாம் இந்த முட்டிதான் மேடம். ஆறு மாசமா வலி. குனிஞ்சு ஓட்டுறது இனிமே ஒத்து வராது, நிமிந்து உக்காந்து ஓட்டுற மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாம்னு இருக்கேன். ஏற்கெனவே இந்தக் கால் பாதி இரும்பு. பத்து வருசம் முன்னாடி லிஃப்ட் குழியில விழுந்தேன். ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ. அதுல ரெண்டாவது ஸ்க்ரூ ரெண்டா ஒடஞ்சு உள்ளயே கெடக்கு. படம் எடுத்துப் பாத்தா சிரிப்பா வரும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டார்ச் வெளிச்சம் சங்கிலியிலேயே நின்றது.

முகங்கள் அவளுக்கு மறந்துவிடும். கடைத்தெருவில் யாராவது நலம் விசாரித்தால் பேந்தப் பேந்த விழிப்பாள். எலும்பு மறக்காது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, ஆறு ஸ்க்ரூ, இரண்டாவது உடைந்தது. அந்தக் காலேதான். பிளேட்டைப் பார்த்துவிட்டுக் கண் தற்செயலாக மேலே போனது. முட்டிக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் கீழ் முனை, பூச்சி அரித்த மரம் போல இருந்தது. வெறும் முட்டித் தேய்மானம் அப்படி இருக்காது. படத்தை டாக்டருக்கு அனுப்பிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" குரல் சாதாரணமாக வரவேண்டுமே என்று கவலைப்பட்டபடி கேட்டாள்.

"நான் எங்க போனேன்? படம் எடுத்ததோட சரி, மாத்திரை போட்டேன், கொறஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து ரெண்டு தடவை போன் பண்ணாங்க, ரெண்டு தடவையும் லிஃப்ட் கூரை மேல நிக்கிறேன், எப்படி எடுக்கிறது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

படம் எடுக்கிறவர் பார்த்ததைச் சொல்லக்கூடாது. அவள் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஒரே ஒரு முறை அதை மீறியிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெண்ணின் நுரையீரல் உச்சியில் வெள்ளையாக ஏதோ தெரிய, மனசு கேட்காமல் "எதுக்கும் பெரிய டாக்டரப் பாத்துடுங்கம்மா, ஏதோ இருக்கு" என்று வாயை விட்டுவிட்டாள். அந்தப் பெண் ஒன்பது நாள் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். கடைசியில் பார்த்தால் அது தோளில் விழுந்து கிடந்த ஈரப் பின்னல். ஈர முடி படத்தில் அப்படி விழும். வேலை போகாமல் தப்பியது பெரிய விஷயம். அன்றோடு வாய்க்குப் பூட்டுப் போட்டாள்.

இதுவும் பின்னலாக இருந்தால்? முட்டியில் ஏது பின்னல்! டாக்டர் ஒன்றுமில்லை என்றே எழுதியிருந்தால்? ஒன்றுமில்லை என்றால் எதற்கு இரண்டு தடவை போன் பண்ணுகிறார்கள்? டார்ச்சை அணைத்தாள். எனக்குப் புதுசே போதும் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. சிவப்புச் சைக்கிள் கடையில் நிற்கிறது, சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

"கனமே இல்ல, பாருங்க," என்று லிஃப்ட்காரர் சைக்கிளைத் தூக்கித் திருப்பி நிறுத்தினார். நிறுத்திய வேகத்தில் பல்லைக் கடித்தார், கை தன்னால் முட்டிக்குப் போனது. அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் கையை எடுத்துச் சீட்டைத் துடைத்தார்.

"சார், வண்டிய நான் எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. நாளைக்குக் காலையில நீங்க அந்த ரிப்போர்ட்டப் போய் வாங்கணும்."

"என்ன மேடம், சைக்கிளோட என் காலையும் சேத்து வாங்குறீங்களா?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்தப் படத்த எடுத்தது நான்தான் சார்."

சிரிப்பு உடனே போய்விடவில்லை. உதட்டில் கொஞ்ச நேரம் எதற்கென்று தெரியாமல் நின்றது. "மாஸ்க் போட்டுக்கிட்டு, அசையாதீங்க, அசையாதீங்கன்னு..."

"நான்தான்."

"என்ன பாத்தீங்க?"

"அத நான் சொல்லக்கூடாது சார். என் கண்ணு தப்பாவும் இருக்கலாம், முன்னாடி தப்பாயிருக்கு. டாக்டர்தான் சொல்லணும். ஆனா அடுத்த மாசம் வேணாம். நாளைக்கே போங்க."

மேலே வாசலில் ஏதோ கார் உள்ளே வர ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஐயோ, சொல்லியிருக்கக்கூடாதோ என்று அவள் நினைத்தாள். அவர் பையிலிருந்து சிறிய சாவி ஒன்றை எடுத்துச் சீட்டுக்குக் கீழே இருந்த திருகைத் தளர்த்தினார். சீட்டை இறக்கினார், அவள் இடுப்பைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் இறக்கினார். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துத் திருகை இறுக்கினார்.

"ஏறுங்க. இதுல மொதல்ல தடுமாறும். நான் பின்னாடி பிடிச்சுக்கறேன்."

அவள் தயங்கித் தயங்கி ஏறினாள். ஹேண்டில்பாரைப் பிடிக்க வெகுதூரம் குனிய வேண்டியிருந்தது. சிமெண்டுத் தரையைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"நாளைக்குத் தனியாப் போகட்டுமா, இல்ல வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போகட்டுமா?"

இதற்கும் பதில் சொல்லக்கூடாதுதான்.

"கூட்டிட்டுப் போங்க சார்."

அவர் சீட்டை இன்னும் அழுத்திப் பிடித்தார். அந்தப் பிடி சீட்டு வழியாக ஏறி அவள் முதுகெலும்பில் தெரிந்தது.

"பிடிச்சிருக்கேன்," என்றார் அவர். "அந்தக் காலையும் தூக்குங்க."

அவள் தூக்கினாள்.