தாயத்துக்குள் ஒரு தம்பி

சாங்வியில் என் பக்கத்து வீட்டு பாமா என்னைக் கோந்த்வாவில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனது பேரம் பேச. லட்சுமி ரோட்டில் புடவைக்கடை வைத்திருக்கும் நான் எதையும் பாதி விலைக்கு முடித்துவிடுவேன் என்று அவளுக்கு நம்பிக்கை. சரக்கு என்னவென்று ஆட்டோவில்தான் சொன்னாள்: போன வருஷம் மூளைக்காய்ச்சலில் இறந்த அவள் மகன் ஷ்ரேயஸ்.

அது 2003. ஆட்டைப் பிரதி எடுத்தாயிற்று, அடுத்தது மனுஷன்தான் என்று பேப்பரெல்லாம் பேச்சு.

டாக்டர் மகாதேவன் தேனாகக் குழைந்தார். "ரொம்ப சிம்பிள் சார். ஒரு கருமுட்டை எடுத்து, அதோட உட்கருவ உருவிடுவோம். பையனோட செல்லுல இருக்கிற உட்கருவ அதுல வைப்போம். லேசா கரண்ட் குடுத்தா கரு வளரும். அப்புறம் கர்ப்பப்பைக்கு மாத்திடலாம்."

"வர்றது ஷ்ரேயஸா, அவன் ஜாடையில வேற ஒருத்தனா?"

"மரபணு அதேதான்."

"அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கிற ரெட்டைப் பிள்ளைகளுக்கும் அதேதானே? ஒருத்தன் செத்தா மத்தவன அவன்னா சொல்றோம்?"

பாமா என் கையைக் கிள்ளினாள். "அண்ணே, நீங்க விலைய மட்டும் பேசுங்க."

"ஒரு ஆட்டுக்கே நூத்துக்கணக்குல முட்டை வீணாப் போச்சாமே. பிள்ளை ஊனமாப் பொறந்தா என்ன பண்ணுவீங்க?"

சரக்கில் குறை தெரிந்துவிட்டால் நானும் வாடிக்கைக்காரருக்கு டீ சொல்வதுண்டு. டாக்டர் டீ சொன்னார்.

"சரி, முட்டை யாரோடது?"

பாமா எங்களோடு வந்திருந்த தன் மகள் வைஷுவைப் பார்த்தாள். கல்லூரிக்குப் போகிற பெண். "எனக்கு வயசாயிருச்சுல்லண்ணே. முட்டையும் வயிறும் இவ குடுப்பா."

"அம்மா! ரத்த டெஸ்ட்டுன்னுதானே என்னைக் கூட்டிட்டு வந்த?"

டாக்டர் அவசரமாக ஒரு வெள்ளித் தாயத்தை எடுத்து வைத்தார். பிறந்த பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். போன வாரமே பாமா இதை ஷ்ரேயஸுடையது என்று கொடுத்திருக்கிறாள்.

"மைக்ராஸ்கோப்ல பாத்துட்டேன்மா. செல்லெல்லாம் உயிரோட இருக்கு. பக்கா ஆண் செல்."

எத்தனையோ வருஷம் காய்ந்த கொடி உயிரோடிருக்கிறதாம். இற்றுப்போன பட்டுப்புடவையைப் புதுசென்று விற்பவனும் இவ்வளவு துணிய மாட்டான்.

வைஷு தாயத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இது என்னோடது. சின்னப்பிள்ளைல நான் கடிச்ச பல்தடம் இருக்கு பாரு. தம்பியோடதையும் இதையும் ஒரே டப்பாலதானே போட்டு வச்சிருக்க? டாக்டர், அப்ப நான் ஆம்பளையா?"

டாக்டர் மேஜையில் சிந்தாத டீயைத் துடைத்தார். நாங்கள் எழுந்தோம்.

தெருவுக்கு வந்ததும் பாமா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இந்த ஆளு ஃபிராடு, போகட்டும். வேற டாக்டர் கிடைப்பாரு. தம்பியோட தாயத்து வீட்டு டப்பாலதானே இருக்கு?"

"இருக்கு. நீ வீட்டுக்கு வர்றப்ப இருக்காது." வைஷு கையை உருவிக்கொண்டு ஓடிப் போய் ஓர் ஆட்டோவில் ஏறினாள்.

"அண்ணே, அவள நிறுத்துங்க!"

"சாங்வி," என்றேன், பின்னாலேயே போய் அவள் ஏறிய ஆட்டோக்காரரிடம். "ஜல்தி."