ஐஸ் கழித்த எடை

அன்று அஞ்சம்மாள் முருகனிடம் வேண்டிக்கொண்டது எடைக்குறைவு ஒன்றையே. மரக்காணத்தில் மீன் விற்கத் தொடங்கிய நாள்முதல் தராசின்முன் நின்று அவள் இப்படி ஒரு வரம் கேட்டதில்லை.

அவள் கணவன் அய்யப்பனின் வலையில், கடலில் மிதந்துவந்த கஞ்சா மூட்டை சிக்கியது. அதைக் கடலிலேயே விடாமல் வீட்டுக்குக் கொணர்ந்து, விற்க ஆள் தேடினான், அகப்பட்டான். குற்றம் உறுதியாயிற்று, இனித் தண்டனைதான். பிடிபட்டபோது மூட்டை ஈரத்தோடு இருபத்திரண்டு கிலோ. இருபதைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. தாண்டாவிட்டால் அதற்குள் நீதிபதி விரும்பியபடி. ‘உலர்ந்த சரக்கை நிறுத்த பிறகே தண்டனை’ என்று திண்டிவனத்து வக்கீல் சவுரிராயன் மன்றாட, விழுப்புரம் நீதிமன்றம் இசைந்தது. எடை குறைந்தால், விடுதலையாகி வரும் கணவனைத் தட்டில் ஏற்றி உப்பால் துலாபாரம் கொடுப்பதாக மயிலம் முருகனுக்கு அவள் நேர்ந்துகொண்டாள்.

நீதிமன்றத்தில் மின்தராசின்மேல் கஞ்சாச் சாக்கு ஏறியது. செவ்வெண்கள் ஓடித் தடுமாறி, பத்தொன்பது கிலோ எண்ணூறில் நின்றன. சவுரிராயன் கண்மூடிக் கைகூப்பினார்.

“தராசு கொறச்சிக் காட்டுது. தட்டு சாஞ்சிக்கினு நிக்குது பாருங்க.”

அது தன் குரல்தான் என்பதை, அவை முழுதும் திரும்பிப் பார்த்த பிறகே அஞ்சம்மாள் அறிந்தாள். ஏலத்துறையில் வியாபாரிகளோடு மல்லுக்கு நின்று பழகிய நாக்கு, அவளைக் கேளாமலே எழுந்துவிட்டது.

அரசு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். “சம்சாரமே சொல்லிட்டாங்க. வேற தராசு வேணும்.”

பிற்பகலுக்குள் கொண்டுவர ஆணையாயிற்று.

“ஏம்மா, அது இன்னா மீனா?” என்று வெளியே சவுரிராயன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“பழக்கம் சார்.”

காவலர் நடுவே நின்ற அய்யப்பன், “உட்டா ஏலமே கூவுவா சார் இவ” என்றான்.

பிற்பகல் வந்த தராசு பத்தொன்பது கிலோ இருநூறு காட்டியது. காலையில் இருந்த அறுநூறு கிராம் எங்கே போயிற்று? அஞ்சம்மாள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்தாள்.

நீதிபதி அம்மையார் அவளையே நோக்கினார். “இந்தத் தராசு சரியாம்மா?”

கூண்டிலிருந்து அய்யப்பன் கும்பிட்டான். அஞ்சம்மாள் கண்ணில் நீர் தளும்ப, சரியென்று தலையசைத்தாள். அநியாய எடைக்கு அவள் தலை வணங்கியது அதுவே முதல்முறை.

ஏழாண்டுக் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று.

“சார், ஏழுன்றது ஐஸோடவா, ஐஸ் போவவா?”

மீன்கூடையை ஐஸோடு நிறுத்து, பிறகு அதைக் கழிப்பவள் அவள். சவுரிராயன் விரல்விட்டு எண்ணினார்.

“ஐஸோடம்மா. ரெண்டு வருசம் ஏற்கெனவே உள்ள இருந்துட்டாரு. அது போனா அஞ்சு.”

அவள் போலீஸ் வண்டியருகே ஓடினாள்.

“அஞ்சுதான்யா நிக்குது. கஞ்சியப் பாத்துக் குடி. ஒடம்ப ஏத்திக்கினு வந்தா உப்புக்கு நான் எங்க போவேன்?”