தாண்டிப் போ

அக்கா மகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்தவருக்கு எங்கள் வீட்டில் வைத்த பேர் டிக் மாஸ்டர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். வாயைத் திறந்து பாடம் சொன்னதைவிடப் பேனாவைத் திறந்து டிக் போட்டதுதான் அதிகம். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை என்று பூசி மெழுக மாட்டேன். குறை சொல்லத்தான் சொல்கிறேன்.

பரீட்சையில் காம்ப்ரிஹென்ஷன் என்று ஒரு பகுதி உண்டாம். இங்கிலீஷில் ஒரு பத்தி கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்கள். பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுத வேண்டும். கேள்வித்தாள் சொல்வது அது. மாஸ்டர் சொன்ன வழி வேறு. பத்தியைத் தொடாதே, முதலில் கேள்வியைப் பார். கேள்வியில் முக்கியமான வார்த்தைக்கு அடிக்கோடு போடு. அதே வார்த்தை பத்தியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடு. கிடைத்ததும் அந்த வரியை அப்படியே இறக்கிவிடு. நடுவில் தெரியாத வார்த்தை வந்தால் அதைப் பார்த்து முழித்துக்கொண்டு நிற்காதே, தாண்டிப் போ.

பாப்பாவுக்கு இது கைவந்துவிட்டது. அவளை நாங்கள் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், வளர்ந்து அக்காவின் தோளைத் தாண்டிய பிறகும். கண்ணை ஓட்டுவாள், விரலை வைப்பாள், எழுதிவிடுவாள். அவரைக்காய் ஆய்வதுகூட அவ்வளவு வேகமாக எனக்கு வராது. டிக் மேல் டிக். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது.

இருப்பது ஓர் அறையும் ஒரு சமையல் கட்டும். கட்டியவன் என்னை விட்டுப் போனதிலிருந்து நானும் அங்கேதான். அக்காவும் நானும் லாட்ஜ்களுக்குத் துணி வெளுக்கும் லாண்டரியில் வேலை. ஈர பெட்ஷீட்டின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை நான். சூட்டு உருளைக்குள் விடுவோம், அந்தப் பக்கம் மொடமொடவென்று வரும். அத்தான் வெல்டர். அவர் வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடியதிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பா ஒரு கலங்கரை விளக்கத்துப் பத்தியைப் போட்டுக்கொண்டிருந்தாள். கேள்விகளில் வந்ததை எனக்குத் தமிழில் சொன்னாள். கடலோரத்தில் ஒரு கிழவன், தினமும் விளக்கேற்றுகிறவன், கப்பலில் போன மகனுக்காகக் காத்திருக்கிறான். எனக்குக் கதை பிடித்துப்போனது. வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"மகன் வந்தானா இல்லையா பாப்பா?"

"அது கேள்வியில இல்ல சித்தி."

"கிழவனுக்காவது என்ன ஆச்சு?"

அவள் விரலை வைத்துத் தேடினாள். "கப்பல் வர்றதுக்கு முன்னாடியே பாஸ்டுன்னு போட்டிருக்கு. பாஸாயிட்டாரு போல."

"அந்த வயசுல அவனுக்கு என்னடி பரீட்சை?"

அத்தான் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "கிழவனே பாஸாயிட்டான். எனக்கென்ன, நான் ஆகமாட்டேனா?" என்றார். மாலையில் மாஸ்டர் அந்தப் பதிலுக்கும் டிக் போட்டார். பாப்பா எழுதியது பத்தியில் இருந்த அதே வரி. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. துறைமுக ஊரில் கப்பல் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்று வெல்டர்களை எடுக்கிறதென்று சேதி வந்திருந்தது. போய் ஒரு டெஸ்ட் கொடுக்க வேண்டும். தொட்டிக்குள் இறங்கி அவர்கள் சொல்கிற இடத்தில் பற்றவைத்துக் காட்ட வேண்டும். பாஸானால் நிரந்தர வேலை, குடும்பத்துக்கு வீடு. அக்கா அந்த வீட்டுக்கு மனதுக்குள்ளேயே கோலம் போட ஆரம்பித்துவிட்டாள். நான்தான் சொன்னேன், முதலில் இந்த இருமலை டாக்டரிடம் காட்டுங்கள் என்று. காட்டினால் அவன் ஏதாவது எழுதி வைப்பான், கம்பெனிக்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான் என்று அத்தான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் ஒரே ஒரு போன். அதைப் பாப்பாவிடமே விட்டுப் போனார். "அந்த ஊர்ல நம்ம பாஷை பேசுறவங்க குறைச்சல். ரிசல்ட்ட இங்கிலீஷ்ல மெசேஜா அனுப்புவாங்களாம். நம்பர் உன்னோடதத்தான் குடுத்திருக்கேன். பாத்து அம்மாவுக்குச் சொல்லு" என்றார். மகள் இங்கிலீஷ் படிப்பாள் என்று கம்பெனிக்காரனிடம் சொல்ல முடிந்ததில் அவருக்கு அத்தனை பெருமை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருமலை அடக்கியபடி படி இறங்கினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். மனசு சரியில்லை. வாயைத் திறந்தால் அபசகுனம் என்பார்கள், பேசாமல் இருந்துவிட்டேன்.

மாஸ்டர் வைத்த இன்னொரு சட்டம், படிக்கும்போது போன் அணைந்திருக்க வேண்டும். பரீட்சை நெருங்கிவிட்டதால் பாப்பா காலையிலும் படித்தாள், மாலையிலும் படித்தாள். போன் பெரும்பாலும் அலமாரிக்குள் கட்டையாகக் கிடந்தது. டெஸ்டுக்கு மறுநாள் நாங்கள் லாண்டரியிலிருந்து வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மெசேஜ் வந்துச்சா? அப்பா பாஸா இல்லையா, அத மட்டும் சொல்லு."

பாப்பா போனை உயிர்ப்பித்தாள். ஒரு நீளமான மெசேஜ் வந்து விழுந்தது. அத்தனையும் இங்கிலீஷ். அவள் விரலைத் திரையில் வைத்தாள். அந்த விரல் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அம்மா கேட்ட கேள்வியில் ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைத் தேடிக்கொண்டு போனது விரல். ஓர் இடத்தில் நின்றது. அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"பாஸும்மா. டெஸ்ட்னு இருக்கு, பாஸ்டுன்னு இருக்கு. இன்னைக்குக் காலையில."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வேற என்னடி போட்டிருக்கு?" என்றேன்.

"நாம வரணுமாம். அடையாள அட்டையோட. அரேஞ்ச்மென்ட் எல்லாம் கம்பெனியே பண்ணுதாம். அப்புறம் ரிமெயின்ஸ வந்து வாங்கிக்கணுமாம்."

"அப்படின்னா?"

"ரிமெயினிங்னா கணக்குல மீதி. மீதிப் பேப்பர் ஏதாவது இருக்கும் சித்தி."

தெரியாத வார்த்தைகள் இன்னும் இருந்தன. தாண்டிப் போனாள். மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை அவள் ஓர் இம்மி பிசகாமல் செய்தாள்.

அக்கா சும்மா இருப்பாளா? மாடி வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள், எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னாள், லாண்டரி மேஸ்திரியைத் தேடிப் போய், மாசம் முடிந்ததும் நின்றுகொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தாள். கையோடு இனிப்பு வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தாள். "நல்லா இருங்க" என்று எல்லோரும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான். அதற்குப் பிறகு நான் இனிப்பைத் தொட்டதில்லை.

பாப்பா அதற்கிடையில் ஒரு காரியம் செய்தாள். யாரும் சொல்லித்தராமல், எதையும் பார்த்து எழுதாமல், அவளாகவே யோசித்து இங்கிலீஷில் ஒரு பதில் அனுப்பினாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். தேங்க்யூ சார், வீ ஆர் வெரி ஹேப்பி, ப்ளீஸ் டெல் மை ஃபாதர். அனுப்பிவிட்டு, "சித்தி, இத மாஸ்டர் பாத்தா டிக் போடுவாரு" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பாப்பாவிடமிருந்து அக்கா பிடுங்கிக்கொண்டாள். நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க சார். எப்ப வந்து சேரணும்?"

எதிர்முனையில் தமிழ்தான். ஓர் ஆண் குரல். தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, நான் கம்பெனி கேன்டீன்ல வேலை பாக்கறவன். ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்சவங்க இல்லைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நீங்க அனுப்பின பதிலப் பாத்து எல்லாரும் ஆடிப் போயிட்டாங்க. அந்த மெசேஜ்ல என்ன இருக்குன்னு உங்களுக்குப் புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது சார். அவரு பாஸாயிட்டாருன்னு என் பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு."

"இல்லம்மா" என்றார் அவர். "டெஸ்ட்ல தொட்டிக்குள்ள இருக்கும்போதே மூச்சு முட்டி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நேத்துலேர்ந்து இந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க, ஆஃப்ல இருந்துச்சு. இன்னைக்குக் காலையில அவரு தவறிட்டாரும்மா. பாஸ்டுன்னா இங்கிலீஷ்ல அதுவும் ஒரு அர்த்தம். அதத்தான் எழுதியிருந்தாங்க."

அக்கா கத்தவில்லை. மடியில் இருந்த இனிப்பு டப்பாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடினாள். சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள். பாப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

துறைமுக ஊருக்குப் பஸ்ஸில் போனோம். பாப்பா பள்ளிக்கூடத்து டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அந்த மெசேஜை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினாள். ஒன்றைக்கூட இந்த முறை தாண்டவில்லை. போதும் வை என்றேன், கேட்கவில்லை.

"ரிக்ரெட்டுன்னா வருத்தம் சித்தி. முதல் வரியே அதுதான். எடுத்ததும் அதத்தான் சொல்லியிருக்காங்க."

"விடுடி."

"ரிமெயின்ஸ்னா உடம்பு. செத்தவங்க உடம்பு. அதத்தான் மீதின்னு நெனச்சேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். திரும்பாமலேயே கையை நீட்டிப் பாப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிள்ளை அழுதிருப்பாள். அழாமல் அடுத்த வார்த்தையைத் தேடினாள்.

எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு நான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. திண்டாடிப் போனார் மனுஷன். விளக்குக் கிழவன் பத்தியைக் காட்டி, "இதுக்கு டிக் போட்டீங்களே, கிழவன் செத்துட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விடைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதிலும் அந்த வரிதான் இருந்தது, அப்படியே.

"தெரியும்மா. ஆனா நின்னு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சா பாடம் முடியாது. மார்க் வரணும்னுதானே அனுப்புறீங்க" என்றார்.

மார்க்குக்குத்தான் அனுப்பினோம். அவருடைய சிவப்புப் பேனாவைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே வீசிவிட்டு வந்தேன். அதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லைதான். வீசாமல் வர முடியவில்லை.

பாப்பா பரீட்சைக்குப் போகமாட்டேன் என்றாள். அக்கா எழுப்பிக் குளிப்பாட்டி, சின்னப் பிள்ளைக்குப் பின்னுகிற மாதிரி தலை பின்னி, தானே கொண்டுபோய் விட்டாள். இங்கிலீஷ் பரீட்சை முடிந்து வந்தவளிடம், எப்படி என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். "பத்தி முழுசும் படிச்சேன் சித்தி. அதுலயே நேரம் போயிடுச்சு. நிறைய எழுதல."

அக்கா திரும்ப லாண்டரிக்கு வந்தாள். மேஸ்திரி சேர்த்துக்கொண்டார். பழையபடி ஒரு முனை அவள், மறு முனை நான். எங்கள் வீட்டில் பாஸ் என்ற வார்த்தை நின்றுபோனது. பஸ் பாஸைக்கூட அட்டை என்றுதான் சொன்னோம்.

ரிசல்ட் என்றைக்கு என்று எங்களுக்கு ஞாபகமே இல்லை. உருளைக்குள் ஈர பெட்ஷீட்டை விட்டுக்கொண்டிருந்தோம். மாடி வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள். நல்ல மனசு அவளுக்கு. முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்திருக்கிறாள்.

"உன் பொண்ணு பாஸாயிட்டா."

அக்கா கையிலிருந்து துணி நழுவியது. உருளை அதை ஒரு பக்கமாக இழுத்துச் சுருட்டிக்கொண்டு கருகும் வாடை வந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ரிசல்ட் அக்கா, ரிசல்ட்டச் சொல்றாங்க என்று கத்துவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். செருப்பில்லாமல், தெருவில், ஈரக் கையோடு. நானும் பின்னாலேயே ஓடினேன். பிடிக்க முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அறையில் பாப்பா தரையில் படுத்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து அவள் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்திருந்தாள். பாப்பா கண்ணைத் திறந்து, "என்னம்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, தூங்கு" என்றாள் அக்கா. கையை எடுக்கவில்லை.