என் பெண்டாட்டியக் கேளுங்க

"அந்தக் காத்தாலை போடுற சத்தத்துல மூணு மாசமா ராத்திரி கண்ணே மூடல. நம்பலேன்னா என் பெண்டாட்டியக் கேளுங்க!" என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கினார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் மூடாத மனுஷனா இவர்? தலையணையில் தலை வைத்த மறு நிமிடம் குறட்டை கூரையைப் பிய்க்கும். தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பவள் நான்தான். எல்லாம் வயிற்றெரிச்சல். எங்கள் மேட்டு நிலத்தில் காற்றாலை அமைக்க இடம் கேட்டு வந்தவர்களை வீறாப்பாக விரட்டினார். அது கொழுந்தன் நிலத்தில் எழும்பிவிட்டது.

எழும்பியதால் யாருக்கு என்ன கெட்டுப்போனது? அதிலிருந்து ஊருக்கென்று ஒதுக்கிய மின்சாரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி விளக்கு அணைவதே இல்லை. கொழுந்தன் மகளுக்குக் காற்றாலையைப் பராமரிக்கும் வேலை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உச்சி வரை ஏறுவதால் ஊரே அவளை 'ஏணி' என்றுதான் கூப்பிடும். அவ்வளவு ஏன், எங்கள் சந்தில் புகை கக்கிக்கொண்டிருந்த டீசல் ஜெனரேட்டரை நிறுத்திய பிறகுதான் என் இருமலே என்னை விட்டது.

இத்தனையும் தெரிந்த நான்தான் எழுந்தேன். முன்வரிசையிலிருந்து ஏணி திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்க பெரியம்மா. நீங்க சொன்னா நான் ஏத்துக்கறேன்."

வீட்டுக்காரர் முறைத்தார். நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை.

"ஆமா... தூங்கவே முடியல," என்றேன்.

இனி இரவில் காற்றாலையை நிறுத்தி வைப்பது, அந்நேரத்துக்குப் பழையபடி ஜெனரேட்டரை ஓட்டுவது என்று ஊராட்சித் தலைவி முடிவு சொன்னார். ஏணி எழுந்து வெளியே போனாள். வாசலில் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"கோவமாடி?"

"பரீட்சைக்குப் படிக்க உங்க வீட்டுலதானே தங்கியிருந்தேன்? பெரியப்பா குறட்டை எனக்குத் தெரியாதா?" சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, ஊர் முன்னால உங்களப் பொய்க்காரி ஆக்குன மாதிரி ஆயிடும். அதான் விட்டுட்டேன்."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அடச்சீ, நீயெல்லாம் ஒரு பெரியம்மாவா என்று என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல வந்தது.

விறுவிறுவென்று உள்ளே போனேன். கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க! நான் சொன்னது பொய். அவரு நல்லாத்தான் தூங்கறாரு. அவரு குறட்டையிலதான் எனக்குத் தூக்கமில்ல."

கூடமே குலுங்கிச் சிரித்தது. "மானத்த வாங்கிட்டியேடி," என்று பல்லைக் கடித்தார் அவர்.

"எனக்கு மட்டும் மிச்சமிருக்கா?" என்றேன்.

தலைவி முடிவை மாற்றினார். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஏணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க பெரியம்மா."

உட்கார முடியவில்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.