பொம்மையின் இடுப்பு இருபத்தெட்டு

டீச்சர் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது. துணி வெட்டியாயிற்று, லைனிங் வெட்டியாயிற்று, ஜரிகைச் சுருள் வந்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. பெரியவள் மட்டும் தையல் பொம்மையின் பக்கம் போகாமல், ஏற்கெனவே துடைத்த மேஜையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொம்மையில் ஏற்றினால்தான் அடுத்த வேலை நடக்கும். அது அவளுக்குத் தெரியாததா?

பெரியவளுக்குத் தொழில் தையல். ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை என்று எல்லாரும் தைக்கிற தையல் அல்ல. தொலைக்காட்சியில் ஏழு வருடம் ஓடி முடிந்த ஒரு ராணி நாடகம். இருநூறு வருடத்துக்கு முந்தைய, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டின் ராணி. அவளுக்கு வாய்த்த கணவன் சரியில்லை, வாய்த்த மந்திரிகள் அதைவிட மோசம், ஆனால் காட்சிக்கு ஒரு உடை மட்டும் குறையவே குறையாது. அந்த உடைகளை அச்சு அசலாகத் தைத்துப் போட்டுக்கொள்ள ஆசைப்படும் பெண்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று பெரியவள் கனவில்கூட நினைத்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். பல் டாக்டர் ராணி, பேங்க் மேனேஜர் ராணி, மூன்று பிள்ளை பெற்ற ராணி என்று நாற்பது ராணிகள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ராஜாவாக வர மட்டும் எந்த வீட்டுக்காரரும் சம்மதித்ததில்லை.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவள் சின்னவள், பெரியவளின் தங்கை. மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். காட்சியை நிறுத்தி, திரையில் மூக்கு இடிக்க நின்று, "அக்கா, கையில பதினோரு மடிப்பு, எழுதிக்கோ" என்பாள். அந்த நாடகத்தை எடுத்த மகாராசன் ராணியின் முதுகைக் காட்டவே மாட்டான். எப்போதும் முன்பக்கம்தான். பின்னால் கொக்கியா, பொத்தானா, நாடாவா என்று அக்காவும் தங்கையும் வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். நாலாவது வருடத்தில் ஒருநாள் ராணி கோபித்துக்கொண்டு வெடுக்கென்று திரும்பினாள். இரண்டே விநாடி. "நாடா! நாடா!" என்று சின்னவள் போட்ட கூச்சலில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

டிவி பார்த்து அளவு சொல்லத் தெரிந்தவளுக்கு ஊசி பிடிக்க மட்டும் வரவே இல்லை. ஒரு பொத்தான் தைத்தால் அது தொங்கும். ஓட்டுத் தையல் போட்டால் ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுவில் ஒரு கோணல். "இது தையலா, எலி ஓடின தடமா?" என்று பெரியவள் கேட்பாள். "உனக்கு நான் உடம்பைக் கொடுத்திருக்கேன்ல, அது போதும்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

உடம்பைக் கொடுத்தது உண்மை. அந்தக் கனத்த உடைகளை மேஜையில் வைத்துத் தைக்க முடியாது. ஒரு உடம்பின் மேல் மாட்டி, பின் குத்தி, இரண்டு நாள் அப்படியே விட்டால்தான் துணி தன் எடைக்கு இறங்கி நிற்கும். அதற்காகக் கடையில் இருப்பதிலேயே சின்ன பொம்மையாக வாங்கினார்கள். தலையில்லை, கையில்லை, கழுத்திலிருந்து இடுப்புவரை உடம்பு, கீழே ஒரு மரக்கால். சின்னவளை நிற்க வைத்து டேப்பால் அங்குலம் அங்குலமாக அளந்து, பொம்மையின் மேல் பஞ்சுப் பட்டைகளைச் சுற்றிச் சுற்றித் தைத்து, அதை அவளாகவே ஆக்கினாள் பெரியவள். இடுப்பு இருபத்தெட்டு. பள்ளிக்கூடப் பையை ஒரே தோளில் மாட்டிய பழக்கத்தில் சின்னவளுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். பொம்மைக்கும் அந்த இறக்கம் வந்தது. "இனிமே நான் தூங்கறேன், கடைக்கு இவளை அனுப்பிடு" என்றாள் சின்னவள்.

அதன்பிறகு எந்த ராணி உடையானாலும் பெரியவள் முதலில் சின்னவள் அளவுக்குத்தான் தைப்பாள். கூட்டத்தில் காட்டுவதற்கு அது. அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். பொம்மையில் பின் குத்தி முடித்ததும் சின்னவள் போட்டுக்கொண்டு நடந்து காட்டுவாள். பொம்மைக்கு நடக்க வராதே. எங்கள் வீட்டில் தையல் மிஷின் ஓடிய காலத்தில் நானும் பார்த்திருக்கிறேன், பொம்மை என்று ஒன்று வந்துவிட்டால் ஆளை யாரும் அளப்பதில்லை. பொம்மையை அளந்தால் போதும். பெரியவளும் அப்படித்தான். தங்கையின் மேல் டேப்பை வைத்துப் பல காலம் ஆயிற்று.

ஒரே ஒருமுறை, பச்சை வெல்வெட்டில் வேட்டை உடை தைத்தபோது, நடந்து காட்டிய சின்னவளின் இடுப்பில் துணி லேசாகத் தொளதொளத்தது. பெரியவள் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அரை இஞ்ச்.

"இப்ப போய் இளைச்சு வெச்சிருக்கியே, உனக்கே நியாயமா இருக்கா? கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. பொம்மையைப் பிரிச்சுச் சுத்தினா எனக்கு ரெண்டு நாள் போயிடும். ஒழுங்கா வயிறு முட்டச் சாப்பிட்டு அந்த அரை இஞ்சைத் திருப்பிக் கொண்டு வா."

"உத்தரவு மகாராணி" என்றாள் சின்னவள்.

அடுத்த வாரம் உடை பிடித்த பிடியாக உட்கார்ந்தது. பெரியவளுக்கு ஏக திருப்தி. பிறகு நீல அங்கி, பழுப்பு நிறப் பயண உடை, சாம்பல் பட்டு, கடைசியில் ராஜா செத்த பிறகு ராணி போடும் கறுப்பு உடை. எல்லாம் வந்தன, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

மாடி வீட்டு அத்தை ஒருநாள் படியில் நிறுத்தி, "உன் தங்கச்சி இளைச்சுப் போயிட்டாளே, என்ன விஷயம்?" என்று கேட்டாள். பெரியவளுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே "இளைச்சுப் போயிட்டே" என்று சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் பாசம் இல்லை. டேப் வைத்துப் பார்த்தா சொல்கிறார்கள்? "அளவு என் கையில இருக்கு அத்தை. இருபத்தெட்டு, நூல் அளவு குறையல" என்றாள் அவள். வெற்றிச் சிரிப்பு வேறு.

கறுப்பு உடை முடிந்த மூன்றாம் வாரம் சின்னவள் மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபடியே கீழே விழுந்தாள். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளைப் பார்த்தபோது பெரியவளுக்குத் திக்கென்றது. நாலு நாளாக வாந்தி, அதில்தான் இப்படிக் கரைந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"எத்தனை மாசமா இளைக்கிறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"இளைக்கவே இல்ல டாக்டர். நான் டெய்லர். போன மாசம்கூட இவ அளவுக்குத் தெச்சேன்."

டாக்டர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அவர் வெளியே வந்து சொன்னபோது, ஒரு வருடம் முன்னால் ஒன்றுமே இல்லையே என்று பெரியவள் அழுதாள். பதினொரு வாரம் இருந்தாள் சின்னவள். அவ்வளவுதான்.

அது நடந்து ஏழு மாதம். பெரியவள் ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. ஆர்டர் கொடுக்க டீச்சர் மட்டும் விடாமல் வந்தாள். பருத்த உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு, அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு. முடிசூட்டு விழா உடையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒருநாள் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "உங்க தங்கச்சி போட்டு நடந்ததைப் பார்த்துத்தான்மா எனக்கு இந்தக் கிறுக்கே பிடிச்சது" என்றாள். அப்படிச் சொன்னவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

டீச்சரின் இடுப்பு முப்பத்தாறு. பொம்மையின் மேல் இன்னும் பஞ்சு சுற்ற வேண்டும். வேறு பொம்மை வாங்கலாமே என்றால், சொல்லி வைத்து வருவதற்கு மூன்று வாரம் ஆகும். கூட்டம் வரும் சனிக்கிழமை. சின்னவளின் துணிகளை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. செருப்புகூட இல்லை. அந்த இடது தோள் இறக்கம் உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு பொம்மையில்தான். அதன் மேல் பஞ்சைச் சுற்றி மூடுவதற்குக் கை வரவில்லை பெரியவளுக்கு. ஒருமுறை புதைத்தது போதாதா?

மதியம் டீச்சர் போன் செய்தாள். "நாளைக்கு ட்ரையலுக்கு வரட்டுமா?" பெரியவள் வாங்க என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு பஞ்சு எடுக்கப் போனாள்.

பஞ்சு போதவில்லை. மிச்சத்துக்குத் துண்டுத் துணிகளைத் திணித்துக்கொள்ளலாம் என்று மிஷினுக்கு அடியிலிருந்த மூட்டையை இழுத்துக் கொட்டினாள். ஏழு வருட ராணியின் எல்லா நிறமும் தரையில் விழுந்தன. அடியிலிருந்து தடிமனாக ஒன்று வந்தது. கை இல்லாத உள்சட்டை. முன்னால் கொக்கி. வெளியே வெள்ளைக் காடா, உள்ளே மெத்தை மாதிரி பஞ்சும் துணியும். இது யார் தைத்தது என்று புரட்டினாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுவில் ஒரு கோணல்.

பெரியவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

எதற்கு என்று முதலில் புரியவில்லை. தொழில்காரியின் கை, தானாக டேப்பை எடுத்தது. கொக்கியை மாட்டி வெளிச்சுற்றை அளந்தாள். இடுப்பு இருபத்தெட்டு. நூல் பிசகவில்லை. பிறகு சட்டையை உள்புறம் வெளியாகத் திருப்பினாள். மெத்தை ஒரே தடவையில் தைத்ததல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக, உடம்பை நோக்கி, வரி வரியாகச் சேர்த்திருந்தது. ஓரத்தைப் பிரித்தாள். காடாவை ஒட்டி முதலில் பச்சை வெல்வெட் துண்டு. அதற்கு உள்ளே நீலம். அதற்கு உள்ளே பழுப்பு. பிறகு சாம்பல் பட்டு. கடைசியாக, தோலைத் தொட்டபடி, கறுப்பு.

தேதி எழுதி வைத்திருந்தால்கூட இத்தனை தெளிவாக இருந்திருக்காது. எந்த உடையை எந்த மாதம் தைத்தோம் என்பது அவளுக்கு விரல் நுனியில் இருக்கிறது. பச்சை வெட்டியது, சின்னவள் சாவதற்குப் பதினெட்டு மாதம் முன்னால். அந்த அரை இஞ்சைத் திருப்பிக் கொண்டு வா என்று சொன்னாளே, கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொரு உடைக்கும் கொண்டு வந்தாள். பொத்தான் தைக்கத் தெரியாதவள், அக்காவுக்கு இரண்டு நாள் வேலை கூடிவிடக் கூடாது என்று, கதவைச் சாத்திக்கொண்டு ஊசியில் விரலைக் குத்திக் குத்தித் தைத்திருக்கிறாள். வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரைக்கா பஞ்சம்? ஐந்து தடவை அவள் முன்னால் நடந்து காட்டினாள், ஐந்து தடவையும் பெரியவள் துணியைத்தான் பார்த்தாள்.

"பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பெரியவள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

வெகுநேரம் கழித்து எழுந்து கத்தரியை எடுத்தாள். ஒன்பது நாளாகத் தொடப் பயந்த பொம்மையின் மேலுறையைப் பக்கவாட்டில் ஒரே வெட்டாக வெட்டினாள். பஞ்சுப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஒரு பட்டை உருவுவாள், உள்சட்டையை மாட்டிப் பார்ப்பாள். கொக்கி எட்டாது. இன்னொரு பட்டை. இடுப்பில், மார்பில், விலாவில். இதற்கு மேலுமா? தோளை மட்டும் தொடவில்லை. ஆறாவது தடவையில் கொக்கிகள் மாட்டிக்கொண்டன, மேலிருந்து கீழே வரை, இழுக்காமல், தொங்காமல்.

சட்டையோடு பார்த்தால் அதே பழைய சின்னவள். இருபத்தெட்டு. பெரியவள் கொக்கிகளைக் கழற்றிச் சட்டையை எடுத்துவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சத்தில், பெரிய அறையின் நடுவே, இடது தோள் இறங்கி நின்றது அந்த உடம்பு. பெரியவள் இரண்டு கையாலும் டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தாள். இருபத்து மூன்றரை. அளந்த பிறகும் கையை எடுக்கவில்லை. டேப்போடு சேர்த்து அப்படியே கட்டிக்கொண்டு, இறங்கிய தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இளைச்சுப் போயிட்டியேடி" என்றாள்.