சிங்கராயர் கையெழுத்து

பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து, அப்பாவின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் செலினா. முடிச்சு இறுகுவதற்குள் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். கோயில் நாட்டாண்மை மரியசூசை உள்ளே வந்தார். கையில் மாலை இல்லை. ஒரு காகிதம் இருந்தது.

சிலுவை போட்டுக்கொண்டார். தலைமாட்டு மெழுகுவர்த்தியைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார். சிங்கராயரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எப்போ?"

"விடிகாலைலண்ணே. காபி கேட்டாரு. போட்டுக்கினு வரதுக்குள்ள..." அம்மா அமலோற்பவம் முடிக்கவில்லை. "மணி அடிக்கச் சொல்லுங்க. தூம்பாவ அனுப்புங்க."

"அது விசயமாத்தான் வந்தேன்."

அந்த ஊரில் துக்க மணி அடித்து, கோயில் தூம்பா வந்து, அதில் சவப்பெட்டி ஏறினால்தான் சாவு. கறுப்புச் சாயம் பூசிய அந்தச் சுமைக்கட்டில் இல்லாமல் கல்லறைக்குப் போவது நாதியற்ற பிணம். தூம்பா அறைச் சாவி மரியசூசையின் இடுப்பில். சாமியாரிடம் முறையிடலாம் என்றால் அவர் திருச்சிக்குப் போய் மாட்டிக்கொண்டார். இட ஒதுக்கீட்டு மறியலின் நாலாம் நாள் அது. ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். தம்பி ரெக்ஸ் உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் எங்கோ. அப்பா செத்த சேதிகூட அவனுக்குப் போயிருக்காது.

தூம்பா வராமல் பூட்டிக் கிடந்தது நூறு பக்க நாவல் ஒன்றால் வந்த வினை.

சிங்கராயர், கரியாலூர் மலைக்கு மருந்துப் பெட்டியோடு ஏறி இறங்கிய கம்பவுண்டர். டிசம்பர் வந்தால் கேரல் பாட்டுக் கோஷ்டியின் கிறிஸ்மஸ் தாத்தாவும் அவர்தான். பதினோரு வருசம் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு தெருத்தெருவாக மிட்டாய் வீசியவர், போன டிசம்பரில் 'தாத்தா ஏறிய லாரி' என்று ஒரு கதை எழுதினார். மெட்ராசிலிருந்து மாத நாவலாக வந்தது. கல்வராயன் மலை மூடுபனியைப் பனிக்கட்டி என்று நம்பிக் கரியாலூரில் மான் பூட்டிய வண்டியை இறக்கிவிடுகிறார் தாத்தா. வண்டி நகரவில்லை. மரவள்ளிக்கிழங்கு லாரியில் மானையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வழியெல்லாம் மறியல். குறுக்கே வெட்டிப் போட்ட ஒவ்வொரு மரத்தருகிலும் ஒரே கேள்வி: "நீ எந்த சாதி? உனுக்கு எத்தினி சதவீதம்?" தாத்தா கையெடுத்துக் கும்பிடுகிறார்: "நான் நூத்துக்கு நூறும் குடுக்க வந்தவன்யா!"

டீக்கடையில் ஒருவன் படிக்க இருபது பேர் உருண்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் அதைப் படித்துக்கொண்டே டிக்கெட் கிழிக்க மறந்தான். கதையைப் படியெடுத்துக் கொடுத்த செலினா சிரித்த சிரிப்பில் மூன்று தாள் வீணாயிற்று.

தொண்ணூறாம் பக்கம் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. அதில் தாத்தா ஒரு ஊருக்குள் வருகிறார். மூன்று தெருவுக்கு மிட்டாய் வீசுகிறார். சேரி ஆரம்பிக்கும் நாலாவது தெரு முனையில் கூட வந்தவர்கள் காதைக் கடிக்க, நிறைந்த மூட்டையைத் தூக்கிக் காட்டி, "தீந்துபோச்சு கண்ணுங்களா" என்று திரும்பிவிடுகிறார். நிசத்தில் இந்த ஊர்க் கேரல் கோஷ்டி ஒவ்வொரு வருசமும் திரும்பிய இடம் அது. திரும்பிய தாத்தா சிங்கராயர்.

"மன்னிப்பு எழுதிக் குடு" என்றது கோயில் கமிட்டி.

"பொய்யின்னு ஒரு வரி காட்டு, எழுதித் தரேன்" என்றார் சிங்கராயர். அதோடு ஒன்பது மாதமாகக் கோயிலில் அவர் பக்கத்தில் யாரும் முழங்கால் போடவில்லை.

செலினா காகிதத்தை வாங்கிப் படித்தாள். நான் எழுதியது பொய், ஊராரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று இருந்தது. தேதி நேற்றையது.

"செத்தவரு எப்படி மாமா மன்னிப்பு கேப்பாரு?"

"நேத்து உசுரோடதானே இருந்தாரு? ஒரு கைநாட்டு வச்சாப் போதும். மைப்பெட்டி கொண்டாந்துகிறேன்."

"நீங்க அந்தக் கதையப் படிச்சீங்களா?"

"சீ! கையாலகூடத் தொடல."

"வெளாட்டுக்கு எழுதினாருண்ணே," என்றாள் அம்மா. "நாலு பேரு சிரிக்கட்டும்னு."

"சிரிப்புக்கு இன்னா கொறச்சல்? மானுக்கு லைசென்சு இருக்கான்னு ஏட்டு கேக்கறான் பாரு, அது பேந்தப் பேந்த முழிச்சிக்கினு..." மரியசூசையின் வயிறு குலுங்கியது. ஒரு சிரிப்பு வெடித்து அறை முழுக்கத் தெறித்தது. சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மெழுகுவர்த்தி சொட்டியது.

அவர் மைப்பெட்டியைத் திறந்தார். அம்மா அப்பாவின் வலது கையைத் தூக்கினாள். விறைக்கத் தொடங்கிய கை. கட்டைவிரல் பிரியவில்லை.

"சித்த அழுத்திப் புடிம்மா," என்றார் மரியசூசை.

"வுடுங்க," என்றாள் செலினா. "எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

ஆணியில் தொங்கிய சட்டைப்பையிலிருந்து அப்பாவின் பேனாவை எடுத்தாள். காகிதத்தைச் சுவரில் வைத்து எழுதினாள். பெரிதாகச் சுழித்த 'சி'. தாளைக் குத்தும் கடைசிப் புள்ளி.

மரியசூசை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அச்சு அசல்." ஊதி மடித்துப் பையில் வைத்தார். கால் மணி நேரத்தில் துக்க மணி அடித்தது. அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் கோயிலில், பெட்டிக்கு முன்னால் நின்று, சாமியாருக்குப் பதிலாக உபதேசியார் அந்தக் காகிதத்தை வாசித்தார். பின்வரிசையில் நாலாவது தெருவிலிருந்து வந்தவர்கள் இருபது முப்பது பேர். முன்னால் நின்ற சின்னப்பன் கையில் சாமந்தி மாலை. மலையில் காய்ச்சலாய்க் கிடந்தபோது சிங்கராயர் எழுதித் தந்த மருந்துச் சீட்டுகளை இன்னும் வைத்திருப்பவர் அவர்.

"அந்தப் பேப்பர இங்க காட்டுங்க," என்றார் சின்னப்பன்.

உபதேசியார் நீட்டினார். சின்னப்பன் வெகுநேரம் பார்த்தார்.

"அவரு கையெழுத்துதான்."

பிறகு செலினாவைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் அம்மா, தூம்பாவின் காலை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தாள். செலினா தரையைப் பார்த்தாள்.

பின்வரிசை சத்தமில்லாமல் காலியானது.

தூம்பாவைத் தோளில் ஏற்றி வெளியே வந்தார்கள். கோயில் கேட்டில் தொங்கிய சாமந்தி மாலையை ஒரு ஆடு முன்னங்கால் தூக்கி எட்டி எட்டித் தின்றுகொண்டிருந்தது. யாரும் அதை விரட்டவில்லை.